சத்தமில்லாமல் திருத்திய பக்கம்

நான் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அன்றிலிருந்து அவள் தன் கண்ணை நம்புவதில்லை. இதுதான் என் குற்றம்.

ஆரணியில் எனக்குச் சொந்தமாக ஒரு சாயப்பட்டறை உண்டு. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று ஒரு மின்னூல் எழுதி விற்பனைக்கு விட்டேன். எழுத்தாளன் என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். தலை கனத்துப் போயிற்று!

சாயம் போடுமுன் நூலைச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த நீரில் வேகவைத்துப் பசையை எடுக்க வேண்டும். எங்கள் பட்டறையில் யாரும் ஒரு கிலோ வேகவைப்பதில்லை. எப்போதும் அண்டா நிறையப் பத்துக் கிலோதான். அந்தப் பழக்கத்தில், அண்டாவுக்குப் போடும் முந்நூறு கிராம் சோடாவை ஒரு கிலோவுக்கான அளவாக எழுதிவிட்டேன். பத்து மடங்கு! பட்டு அதைத் தாங்குமா?

சில மாதங்கள் கழித்து நானே அதைக் கண்டுபிடித்தேன். உடனே முப்பது என்று மாற்றிப் புதிய பதிப்பை ஏற்றினேன். வாங்கியவர்களின் போனில் பழைய பக்கம் போய்ப் புதிய பக்கம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. ‘முன்பு தவறாக இருந்தது’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்... சேர்க்கவில்லை. ஊரில் உள்ள சாயக்காரர்கள் சிரிப்பார்களே என்ற பயம். மானம் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த வாரமே பெரணமல்லூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பட்டறைக்கு வந்தார்கள். வீட்டிலேயே சாயம் போடப் புதிதாக இறங்கியவர்கள். முதன்முதலாகக் கிடைத்த வேலையில் நூல் முழுவதும் பாழ். பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக் காட்டினார் கணவர். தொட்டாலே இற்றது. நூல் கொடுத்த முதலாளி இனி வேலை தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

“உங்க புக்குல முப்பதுன்னு கரெக்டாதாங்க கீது. எனக்குப் படிக்க வராது, இவதான் போனைப் பாத்து சொல்லிகினு இருந்தா. ஜல்தி ஜல்தியா படிச்சி முந்நூறுன்னு சொல்லிட்டா. அதை ஒத்துக்க மாட்டேங்குறா, அதான் உங்களாண்டயே கேக்க வந்தோம்.”

அவள் போனை என் முன்னால் நீட்டினாள்.

“ரெண்டு வாட்டி பாத்துதாங்க சொன்னேன். அப்ப முந்நூறுன்னுதான் இருந்துச்சி. இப்ப முப்பதுன்னு கீது. புக்கு தானா மாறுங்களா?”

அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. ‘ஆமாம்மா, மாறும். மாற்றியவன் நான்தான்’ என்று சொல்லியிருக்க வேண்டாமா?

“அது எப்படிம்மா மாறும்?” என்றேன்.

கணவர் அவளைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “சரி வா” என்று மட்டும் சொன்னார். அவள் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதன்பின் ஒருநாள் கடைத்தெருவில் அவளைக் கண்டேன். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை அட்டையைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டி, “இதுல என்ன போட்டிருக்குதுன்னு கொஞ்சம் சொல்றீங்களா? நான் படிச்சா தப்பாயிடுது” என்றாள். நான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

பெரணமல்லூர் என்ன காசியா, ராமேஸ்வரமா? பஸ் ஏறினால் போய்விடலாம். வீட்டு வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம். இன்று வரை நான் ஏறவில்லை... கோழை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக இதை எழுதி, அதே மின்னூலின் முதல் பக்கமாகச் சேர்த்திருக்கிறேன். வாங்கிய எல்லோருடைய போனுக்கும் இது தானாகவே வந்து சேரும். நீங்கள் படிப்பதும் அப்படி வந்ததைத்தான்.

அவளுக்கு வராது. அன்று பட்டறைப் படியிறங்கும்போதே, என் கண்ணெதிரில், அந்தப் புத்தகத்தை அவள் போனிலிருந்து அழித்துவிட்டாள்.