மேட்டில் திட்ட மூச்சு வேண்டும்

நாகலூரிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு ஏறும் குறுக்குப் பாதையில், கடைசி மேட்டுக்கு முன்னால் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கும். தினமும் விடியலில் வீட்டிலிருந்து அந்தக் கோயில்வரை ஓடிவிட்டு வருவது என் வழக்கம். எண்பதுகளின் நடுவில் ஒரு காலையில் அந்த மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு காதுக்குள் அடித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. நான் யேற்காட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடச் சொல்லிக் கொடுக்கிறவள், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்தது பயமில்லை, எரிச்சல்.

என் கணவர் எஸ்டேட் ரைட்டர். வேலையாட்களின் வருகையைக் குறிப்பவர். அவரிடம் சொன்னேன். "ஏம்புள்ள, மேட்டுல ஏறுனா மூச்சு வாங்காம பின்ன என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது?

மாதங்கள் போயின. நாக்கு வெளுத்தது. படியேறினால் தலை சுற்றியது. பள்ளியில் பிள்ளைகளோடு ஓடாமல் விசிலை மட்டும் ஊதிக்கொண்டு நின்றதை ஹெட்மிஸ்ட்ரஸ் கவனித்துவிட்டார். "ஓட முடியாத பி.டி. டீச்சர வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? முழுப் பரீட்சை லீவு முடியறதுக்குள்ள ஒடம்ப சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். ஓட்டத்தைத் தவிர எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

சேலத்துக்கு இறங்கி ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துப் பேசினார். பிறகு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ஓடிப் போயிட்டு வர்ற நேரம் முன்னைக்கு இப்ப கூடியிருக்கா?"

யோசித்தேன். ஓடும்போது நான் கடிகாரம் கட்டுவதில்லை. யேற்காட்டுக்குப் போகும் முதல் பஸ் நாகலூரில் ஆரன் அடிக்கும்போது நான் வீட்டு வாசலில் இருக்க வேண்டும், அதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. "இல்லீங்க" என்றேன்.

"அப்புறம் என்னம்மா? மனசுதான் காரணம். ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்று சிரித்து, நரம்புக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். ஓடவே கூடாது என்றும் சொன்னார். என் கணவரும் தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன். என் மூச்சுக்கும் குழந்தைக்கும் என்னய்யா சம்பந்தம்?

டானிக்கைக் குடித்தேன். ஓட்டத்தை நிறுத்தவில்லை.

என்னோடு ஓட வருபவள் ஜரினா. நாகலூரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள், எங்கள் பள்ளியின் தையல் டீச்சர். உடம்பு இளைக்க வேண்டும் என்று கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு வருவாள். எனக்கு ஷூ கிடையாது. சேர்வராயன் இருக்கிற மலைக்குச் செருப்போடு ஏற எனக்குக் கால் கூசும். வீட்டிலிருந்தே வெறுங்காலோடுதான் கிளம்புவேன்.

ஒரு நாள் இறங்கி வரும்போது ஜரினா நின்றுவிட்டாள்.

"ஏன்டி, முன்னெல்லாம் மேடு ஏறறப்ப ஹெட்மிஸ்ட்ரஸத் திட்டிக்கிட்டே வருவ. எனக்குக் காது வலிக்கும். இப்ப ஏறறப்ப வாயே தொறக்கறதில்ல. எறங்கறப்பதான் பேசற. அதுவும் எறக்கத்துல பேய் தொரத்தற மாதிரி ஓடற. உனக்கு என்னமோ ஆயிடுச்சு."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் புரிந்துபோனது. ஏற்றத்தில் இழந்த நேரத்தை எல்லாம் இறக்கத்தில் விழுந்தடித்து ஓடி ஈடுகட்டியிருக்கிறேன். பஸ்ஸுக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிட்டதால் எல்லாம் சரி என்று நம்பியிருக்கிறேன். சமவெளி டாக்டருக்கு மேடும் இறக்கமும் ஒன்றுதான். கூட்டிப் பார்த்தால் சரியாக இருந்தது, அனுப்பிவிட்டார். மலைக்காரி எனக்கும் அது தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் பொறுக்கவில்லை.

ஜரினாவே இன்னொரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "அடக் கடவுளே, காயிதமாட்டம் இருக்கே கண்ணு" என்றார். இரத்தமும் மலமும் சோதித்தார்கள். கடுமையான இரத்தசோகை (இரத்தத்தில் சிவப்புச் சத்துக் குறைவது). காரணம் கொக்கிப்புழு (ஈர மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு).

"எந்த வழியா ஓடறீங்க?" என்று கேட்டார்.

எஸ்டேட் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே போகும் பாதை. அத்தனை குடும்பங்களுக்கும் அங்கே ஒரு கக்கூஸ் கிடையாது. எல்லாரும் செடி மறைவுக்குத்தான் போக வேண்டும். நிழலும் ஈரமுமாக இருக்கும் அந்த மண்ணில்தான் நான் பக்தியோடு வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்தேன்.

புழுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினேன். வயிற்றைப் பிரட்டும், மலம் கறுத்துப் போகும், வாயில் துருவின் ருசி நிற்கும். இதை விழுங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பயப்படாதீர்கள், நிறுத்தாதீர்கள். மேட்டில் உங்கள் வேகத்தை மேட்டிலேயே பாருங்கள். பேச முடிகிற வேகம்தான் நியாயமான வேகம். "எல்லாருக்கும் வாங்கற மூச்சுதான்" என்று யாராவது சொன்னால், உன் மூச்சைப் பற்றி நீ பேசு, என் மூச்சைப் பற்றி நான் சொல்கிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

டாக்டரம்மா சொன்னபடி லைன் ஆட்களுக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும், கக்கூஸ் கட்ட வேண்டும் என்று என் கணவர் மேனேஜரிடம் கேட்டார். அந்த மட்டும் அவருக்கு ரோஷம் வந்தது. "உங்க ஊட்டம்மாவுக்குச் சரியாயிடுச்சில்ல, போய் வேலையப் பாருங்க" என்று பதில் வந்தது.

பரீட்சை லீவின் கடைசி வாரம் ஷூ போட்டுக்கொண்டு மறுபடி மேடு ஏறினேன். சாமி கோபித்துக்கொண்டால் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மெதுவாகத்தான் ஓடினேன். ஏறும்போது சேலத்து டாக்டரைத் திட்ட ஆரம்பித்தேன். சில்வர் ஓக் மரம் வந்தது, போனது. வாய் நிற்கவில்லை.

"போதும்டி, அந்தாளு விக்கல் எடுத்தே செத்துருவான்" என்றாள் ஜரினா. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பள்ளி திறந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஓடினேன், வேலை பிழைத்தது. அதற்கு அடுத்த வாரம், அதே பாதையில், லைன் பெண்கள் முதுகில் உர மூட்டையோடு எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெறுங்கால். ஒருத்தியும் பேசவில்லை. முன்பெல்லாம் அவர்களை அடக்கமானவர்கள் என்று நினைத்திருக்கிறேன்.

அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி மேலேயிருந்து கத்தினார். "என்ன சோம்பேறித்தனம்? ஆமையாட்டம் ஊர்றீங்க! வெரசா வாங்க!"

"ஏனுங்க மேஸ்திரி!" என்று கீழேயிருந்தே கத்தினேன். "ஒருத்தி கண்ணு இமைய இழுத்துப் பாத்திருக்கீங்களா நீங்க? சோம்பேறியாம், சோம்பேறி! ரத்தமே இல்லாத ஒடம்புல இந்த மூட்டையத் தூக்கிட்டு நீங்க ஏறிக் காட்டுங்க பாக்கலாம்! அக்கா, எல்லாரும் மூட்டைய எறக்கி வெய்ங்க. மொதல்ல மூச்சு வாங்குங்க."

அவர்கள் என்னையும் மேஸ்திரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி இறக்கினாள். மற்றவர்களும் இறக்கினார்கள். நான் ஏறிக்கொண்டே கத்தினேன். அவர் முன்னால் போய் நின்றும் கத்தினேன்.

கீழே முதல் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போயே விட்டது. வாசலில் நான் இல்லை. தாமதத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்ன கேட்பார் என்று தெரியும். கேட்கட்டும். பதில் சொல்ல என்னிடம் மூச்சு இருந்தது.