கரைந்துபோன கடைசி இலக்கம்

எனக்குத் தெரியாத ஓர் எண்ணைத் தெரிந்ததுபோல் என் மகளிடம் சொன்னேன். பிள்ளைகளே, அது பொய் என்று அறிந்தேதான் சொன்னேன்!

ராசிபுரம் சாலையில், லாரி எடைமேடையில் சீட்டு எழுதுகிறவன் நான். பத்தாவதோடு நின்றவன். என் மகளும் எடைதான் போடுகிறாள்... வெளிநாட்டில், அணுக்கருக்களுக்கு! நியூட்ரான் மிகுந்த அந்த அணுக்கருக்கள் இமைப்பதற்குள் சிதைந்துவிடுமாம். அதற்குள் அவற்றை ஒரு வளையத்தில் ஓடவிட்டு, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கொண்டு எடையைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த எடைகள் சரியாகத் தெரிந்தால்தான், தங்கம் போன்ற கனமான தனிமங்கள் விண்வெளியில் எப்படி உண்டாயின என்று கணக்கிட முடியும். உங்கள் காதில் கிடக்கும் தோட்டின் பொன்னும் அப்படி வந்ததுதான்.

விடுமுறைக்கு வந்தவள் தன் நோட்டை மறந்து வைத்துவிட்டுப் போனாள். திறந்து கிடந்த அதன்மேல் நான் டீ டம்ளரை வைத்தேன். ஓர் எண்ணின் கடைசி இலக்கம் கரைந்துபோயிற்று.

மறுவாரம் போன் வந்தது.

“அப்பா, பதினோராம் பக்கத்துல சிவப்புல ஒரு நம்பர் இருக்குமுங்க. எடை தெரிஞ்ச அணுக்கரு ஒண்ணு சுத்துன நேரம். எங்களுக்கு அதுதானுங்க எடைக்கல்லு. கம்ப்யூட்டர்ல ஏத்தாம உட்டுட்டேன். போட்டோ புடிச்சு அனுப்புங்கப்பா.”

போட்டோ எடுத்தால் கறை தெரிந்துவிடுமே!

“கேமரா மங்கலா இருக்குது சாமி. படிச்சே சொல்றேன்.”

இரண்டா? ஏழா? எடைமேடையில் காற்றடித்தால் கடைசி இலக்கம் ஆடும். “எதையாச்சும் எழுதுங்கண்ணா, காத்து நிக்கறதுக்குள்ள கெழங்கு வெந்தே போயிரும்!” என்று மரவள்ளி லாரிக்காரர்கள் கத்துவார்கள். நானும் எதையாவது எழுதிவிடுவேன்... அந்தப் பழக்கம்!

“ஏழு” என்றேன்.

“தெளிவா இருக்குதுங்களா?”

“பளிச்சுனு இருக்குது.”

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டுவாள் என்றா? ஒரு டம்ளர் டீக்கு யார் திட்டப்போகிறார்கள்! படித்த பெண்ணின் முன் கவனமில்லாதவனாக நிற்கக் கூசினேன்... அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் போன் மணி அடித்தால் உடனே எடுப்பதில்லை. வேறொரு நாட்டார் அளந்த எடையும் இவர்கள் அளந்ததும் ஒத்துப்போகவில்லையாம். அடுத்த மாதத்துக்குள் பிழை அகப்படாவிட்டால், அவள் ஆய்வேட்டிலிருந்து அந்த அளவீட்டையே நீக்கச் சொல்கிறார்கள். மூன்று வருட உழைப்பு!

நேற்று மறுபடி அவள் போன் வந்தது.

“நீங்க சொன்ன நம்பர் சரியாத்தான் இருக்கோணும். எடை எழுதற உங்களுக்கு நம்பர் தப்புமாங்க? நான்தான் அன்னிக்குத் தப்பாக் குறிச்சுட்டேன்போல. எல்லார்கிட்டயும் அப்படீன்னே சொல்லிப்போட்டனுங்கப்பா.”

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது...

“சாப்ட்டியா சாமி?” என்று கேட்டேன்.