ஒரு படி இறக்கி எழுதிய மனு

பெயர் பிச்சையா. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். மனிதர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது, இனிமேல் கோபித்துக்கொண்டு எழுந்தா வரப் போகிறார்? கொடைக்கானலில் ஆபீஸ்கள் இருக்கிற ரோட்டோரம் ஒரு மடக்கு மேஜையைப் போட்டு இருபத்தைந்து வருஷம் மனு எழுதினார். பக்கத்திலேயே எனக்கு டீக்கடை. அவர் மேஜைக்கு வந்த சண்டை ஒவ்வொன்றும் என் காதில் விழாமல் போனதில்லை.

சண்டை என்று நான்தான் சொல்கிறேன். அவர் சொல்ல மாட்டார். "சும்மா சண்டைன்னு எழுதி நீட்டுனா எந்த கிளார்க்கு எடுத்துப் பாப்பான், அமிர்தம்?" என்பார். அவரிடம் அதற்கு வரிசையாகப் பெயர் உண்டு. புருஷன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிணக்கு. அதற்குக் காகிதமே வேண்டாம், ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார். சொந்தக்காரர்கள் ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்காவிட்டால் மனஸ்தாபம். சொசைட்டி மெம்பரும் வாத்தியாரும் வந்தால் கருத்து வேறுபாடு. படித்தவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் வராதாம்! குழாயடியிலும் வரப்பிலும் நடப்பது சச்சரவு, கை நீண்டுவிட்டால் தகராறு, ரத்தம் பார்த்தால் அடிதடி. அப்பனிடமிருந்து மகனுக்கு வந்துவிட்டால் அது பகை.

"தகராறுன்னு எழுதுனா பேப்பரு ஸ்டேஷனுக்குப் போகும். மனஸ்தாபம்னு எழுதுனா பேசி முடிங்கன்னு திரும்பி வரும். எங்க போகணும்னு நாமதான் பாத்து எழுதணும்" என்பார். "போங்க, நீங்களும் உங்க பேப்பரும்" என்பேன் நான்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வந்தவர் என்ன சொன்னாலும் அதில் ஒரு படி இறக்கித்தான் எழுதுவார். அதற்கும் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் செண்பகனூர்க்காரன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, அவன் அண்ணன் மேல் கொலைமிரட்டல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். எட்டே நாளில் அந்தத் தம்பிக்காரனே வந்து, "எங்க அண்ணனைக் கம்பிக்குள்ள தள்ளிட்டியேய்யா, ஏதோ ஆத்திரத்துல சொன்னேன், நீ புத்தியோட எழுதக் கூடாதா?" என்று இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அன்றிலிருந்து தகராறு என்று வந்தால் சச்சரவு, சச்சரவு என்று வந்தால் மனஸ்தாபம். நாளைக்கே கூடிக்கொள்கிற ஜனங்கள், நாம் எதற்கு வெட்டிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பலருக்கு அது நல்லதாகவும் முடிந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

எழுபத்தொன்பது கார்த்திகையில் வீரம்மா வந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் கொஞ்சம் பேரை வடகவுஞ்சிப் பக்கம் குடிவைத்திருந்தார்கள். அவளும் புருஷனும், மகள் கண்மணியும், புருஷனின் தம்பி சோலைமுத்து குடும்பமும் ஒரே குடும்பக் கார்டில் கப்பல் ஏறியவர்கள். ஒரு கார்டுக்கு ஒரு வீடு. மரம் வெட்டுகிற இடத்தில் மரம் சாய்ந்து அவள் புருஷன் செத்துப் போனான். கார்டில் தலைவர் பெயர் கொழுந்தன் சோலைமுத்து பெயருக்கு மாறியது. தை மாதம் வீட்டுக்குப் பட்டா கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அவன் அண்ணியையும் பிள்ளையையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டான்.

"ரெண்டு காம்பரா வீடுங்க அய்யா. ஒண்ணுல நாங்க, ஒண்ணுல அவங்க. தோட்டத்து லயத்துல இருக்கயிலயும் அப்பிடித்தான் இருந்தோம், ஒரு வம்பு தும்பு இல்ல. இப்ப வெறகுக் கட்டையால அடிச்சுத் தள்ளிட்டாரு. ஆட்டுக் கொட்டாயில படுத்துக் கெடக்கோம். எம் பேருக்குத் தனிக் கார்டு வேணும். பட்டா அவரு பேருல விழுந்திருச்சின்னா நாங்க ரோட்டுலதாங்க." முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்ததைச் சேலையை விலக்கிக் காட்டினாள்.

என் வீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார். தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். அவள் கைநாட்டு வைத்தாள், நான் ஒரு டீ கொடுத்தேன், போய்விட்டாள்.

இருபது நாள் கழித்துக் காலை பஸ்ஸில் திரும்பி வந்தாள். கையில் அதே மனு. ஓரத்தில் ஆபீஸ்காரர்கள் பச்சை மையில் எழுதியிருந்தார்கள். வழியில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"குடும்ப மனஸ்தாபம், தங்களுக்குள்ள பேசித் தீத்துக்கவும்னு போட்டிருக்காம். நான் அப்பிடிச் சொல்லலியே. அய்யா, மனஸ்தாபம்னா என்னாங்க?"

"மனசுல ஒரு வருத்தம்மா" என்றார் இவர்.

"எனக்கு மனசுல ஒண்ணுமில்லீங்க. கைதான் இன்னும் தூக்க முடியல. பிள்ளைக்குக் குளுருல இளைப்பு வந்திருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு நேரே மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "அடி வாங்குனவ கையைக் காட்டுறா, அதைப் பாத்துக்கிட்டே மனசு வருத்தம்னு எழுத உங்களுக்கு எப்பிடிங்க கை வந்துச்சு? ஆடலூர் வீட்டுல இருந்து உங்க அண்ணன் என் சட்டி பானையைத் தெருவுல வீசுனப்பவும் மனஸ்தாபம்னுதான சொன்னீங்க! யாரு மனசுல யாருக்கு வருத்தம்? உங்களுக்கு நல்லவரு பேரு வேணும், அதுக்கு நாங்க ஆட்டுக் கொட்டாயில கெடக்கணுமா?" ரோட்டில் போன சனம் நின்று பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வெள்ளைத் தாளை எடுத்தார். 'பொருள்' என்று எழுதிவிட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தார். அவரிடம் இருந்த அத்தனை பெயரில் ஒன்றும் அந்த இடத்துக்கு வரவில்லை. கடைசியில், "நீ சொல்லும்மா, நான் எழுதுறேன்" என்றார். வீரம்மா சொல்லச் சொல்ல எழுதினார். கொழுந்தன் கதவைப் பூட்டியது, எந்தக் கிழமை, எந்தக் கட்டை, எந்தக் கை. மேஜையை மடக்கி என் கடைக்குள் சாத்திவிட்டு, "வாம்மா" என்று அவளோடு கிளம்பினார். மனு எழுதுகிறவர் ஆபீஸ் படி ஏறக் கூடாது என்று வைத்திருந்த மனிதர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானும் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

அதிகாரி இரண்டு மனுவையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். "போன மாசம் மனஸ்தாபம். இந்த மாசம் அடிச்சுத் தள்ளிட்டான். வீடுன்னதும் கதை வளருதோ? ரெண்டுல எதும்மா பொய்?" என்றார். வீரம்மா என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன்.

"மொதல்ல எழுதுனதுதான் பொய்ங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அந்தப் பொய் அந்தம்மாவோடது இல்ல, என்னோடது. அவங்க அடிச்சாங்கன்னுதான் சொன்னாங்க. நான்தான் குறைச்சு எழுதுனேன். வேணும்னா எம்மேல நடவடிக்கை எடுங்க."

"சொல்லாததை எழுதுறதுக்கா ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கே?" என்று அதிகாரி கத்தினார். கிளார்க்குகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு மாதம் இவர் கையெழுத்தில் போன எந்த மனுவையும் அந்த ஆபீஸில் வாங்கவில்லை. தினமும் என் கடையில் டம்ளர் கழுவினார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் மறுநாளே ஒரு ஆபீசர் வடகவுஞ்சிக்கு ஜீப்பில் போனார். பூட்டைப் பார்த்தார், ஆட்டுக் கொட்டகையைப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் கேட்டார். தை பிறந்து எட்டாம் நாள் வீரம்மா புதுக் கார்டோடும் அந்த வீட்டில் தன் அறைக்கான பட்டாவோடும் எங்களிடம் வந்தாள். கண்மணியையும் கூட்டிவந்திருந்தாள். பிள்ளை மூச்சு இழுக்காமல் நின்றது.

என் வீட்டுக்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "குடும்மா, வாசிச்சுச் சொல்றேன்" என்று கையை நீட்டினார். வீரம்மா அவரைத் தாண்டி வந்து என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க வாசிங்க அக்கா."

நான் அஞ்சாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். குடும்பத் தலைவர், வீரம்மா. ஒரு அறை, வடக்கு வாசல். வாசித்து முடிக்கிறவரை அவர் என் தோளுக்கு மேலே தாளைப் பார்த்தபடி நின்றார், நீட்டிய கையை மடக்கவே இல்லை. முடித்ததும் வீரம்மாவைப் பார்த்து, "சரியாத்தான் வாசிச்சிருக்காம்மா, ஒரு எழுத்து விடல" என்றார்.