பனி துடைத்த கம்பி

கையில் தூக்கிப் போகிற அளவுக்கு தூரத்து ஆட்களோடு பேசவும் கேட்கவும் ஒரு சின்ன ஹாம் ரேடியோவை நேற்று குன்னூர் வீட்டில் சால்டர் செய்துகொண்டிருந்தேன். ஈயத்தோடு உருகிய பிசின் புகை மூக்கில் ஏறியதும், சின்ன வயதில் நாங்கள் இருந்த கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டுக்கே போய்விட்டேன்.

அங்கே அப்பா பிஸ்கட் டப்பாவுக்குள் ரேடியோ கட்டுவார். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் அம்மா செப்புக்கம்பியை நெருக்கிச் சுற்றித் தருவாள். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனிக்குள் ஓடும் ஏரியல் கம்பியில், பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா ஈர ஸ்வெட்டர்களைக் காயப்போட்டுவிடுவார்.

"ஏனுங்க அக்கா, இது துணி போடற கம்பி இல்லீங்க. சிலோன் பேச்சைப் பிடிக்கிற கம்பிங்க" என்றார் அப்பா ஒருநாள்.

இலங்கையில், அட்டன் தோட்டத்தில் தன் தமக்கையை விட்டுவிட்டு வந்தவர் செல்லம்மா அக்கா. துணிகளை அப்படியே வாரிக்கொண்டார். அதன்பின் பனி இறங்கும்போதெல்லாம் முந்தானையால் கம்பியைத் துடைப்பார். "வார கொரலு வழுக்கிறப்படாது தம்பி."

துடைப்பதால் பயன் ஒன்றும் இல்லை என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் இரைச்சலுக்குள்ளிருந்து அட்டன்காரர் ஒருவர் அப்பாவுக்குப் பதில் சொன்னார். அங்கே நல்ல மழையாம்.

"அப்ப எங்கக்கா வூட்டுத் தகரம் ஒழுகும்" என்றார் செல்லம்மா அக்கா, தமக்கையிடமே பேசிவிட்ட முகத்தோடு.

அந்த லைன் வீடுகள் இருந்த இடம் இப்போது ஏதோ விடுதியின் கார் நிறுத்துமிடம்.

இன்று வீட்டுக்குப் பின்னால் கம்பியை இழுத்துக் கட்டினேன். பனி இறங்கியிருந்தது. துப்பட்டாவால் முனையிலிருந்து முனைவரை துடைத்துவிட்டு மைக்கை எடுத்தேன். அந்தப் பக்கம் யார் வந்தாலும், முதலில் அங்கே மழையா என்றுதான் கேட்கவேண்டும்.