வேண்டுதல் பட்டியலில் ஆறு வருடம்

எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனைத் தாளைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். பாட்டு எண்கள், அறிவிப்புகள், அதற்குக் கீழே கிடைத்த நன்மைகளுக்கான ஸ்தோத்திரங்கள், கடைசியாக வேண்டுதல்கள். அந்த வேண்டுதல்களின் முதல் வரி ஆறு வருடமாக மாறவில்லை. 'பாய்லர் அக்காவின் கணவருடைய பேச்சுக்காக' என்பதுதான் அது.

அக்காவுக்கு அந்தப் பெயர் ஆஸ்பத்திரியில் வைத்தது. அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் அடித்தள அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கத்தரிகளையும் இடுக்கிகளையும் தட்டில் எண்ணி அடுக்கி, துணியால் இரண்டு சுற்று சுற்றி, மேலே ஒரு டேப் ஒட்டுவார். டேப்பில் மங்கலான கோடுகள் இருக்கும். போதுமான சூடு, போதுமான நேரம் பட்டால்தான் அவை கறுக்கும். கறுக்காத பொட்டலம் அந்த அறையை விட்டு வெளியே போகாது. ஒருமுறை பெரிய டாக்டரே போனில் கத்தினாராம். "அவசரம் உங்களுக்குத்தான் சார், மெஷினுக்கு இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் அக்கா. பெயரில் பாதி அறையால் வந்தது, மீதி வாயால் வந்தது.

அவருடைய கணவர் எலக்ட்ரீஷியன். எதற்கும் மறுத்துப் பேசுகிறவர். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றாலும் "யார் சொன்னா?" என்பார். ஒரு காலை முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் சரிந்து விழுந்தார். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "சரி". பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி.

"முப்பது வருஷம் அந்த வார்த்தைய அவர் வாயில இருந்து வாங்க நான் பாடாப்பட்டேன்" என்று அக்கா ஆரம்பத்தில் சொல்லிச் சிரிப்பார். பிற்பாடு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் முந்தைய வாரத்துத் தாளையே திறந்து திருத்திக்கொண்டிருந்தேன். எதையோ அழித்ததில் 'வேண்டுதல்கள்' என்ற தலைப்பு ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அக்காவின் வரி ஸ்தோத்திரங்களின் கடைசி வரியாகிப் போனது. எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாகப் பார்த்த வரி. அதை நான் படிப்பதையே எப்போதோ விட்டிருந்தேன்.

மறுநாள் போதகர் அதை வாசித்து நிமிர்ந்தார். "சபையே, கேட்டீங்களா? நம்ம பாய்லர் அக்கா வீட்டுக்காரர் பேசிட்டார்!" கூடம் முழுவதும் கைதட்டல். அக்காவுக்கு அன்று டூட்டி, அவர் வரவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். இருநூறு பேருக்கு நடுவே தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் போதகரையும் சேர்த்து ஒன்பது பேர் ஆப்பிளும் கேக்கும் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியிலாவது சொல்லிவிடலாம் என்று நானும் கூடவே போனேன். மூன்று மாடி ஏறும்வரை சொல்லவில்லை.

அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. இரண்டே அறை கொண்ட வீட்டில் ஒன்பது பேரும் எப்படியோ நுழைந்து, ஜன்னலோரம் நாற்காலியில் இருந்த அவர் கணவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றார் பாடகர் குழு அம்மா.

"சரி."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

சபைச் செயலாளர் குனிந்தார். "காலையில என்ன சாப்டீங்க, சொல்லுங்க பாப்போம்."

"சரி."

"சரி, அது இருக்கட்டும். உங்க பேரச் சொல்லுங்க."

"சரி."

அந்த மனிதருக்குக் காது நன்றாகக் கேட்கும், எல்லாம் புரியும். அவர் முகம் சிவந்து, இடது கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

"போதும்" என்றார் அக்கா. "இவர என்ன கண்காட்சிக்கா வச்சிருக்கு? யார் சொன்னது உங்களுக்கு இவர் பேசறார்னு?"

"நான்தாங்க்கா. தலைப்பு மாறிப்போச்சு. கவனிக்கல" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாறிப்போனா மாத்திப் போடும்மா" என்றார், அவ்வளவுதான்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். போதகர் தொண்டையைச் செருமினார். "தப்பு நடந்தது நடந்துபோச்சு. ஆனா இதுலயும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கலாம் பாருங்க. அடுத்த ஞாயிறு வெளியூர்லருந்து போதகர் வர்றார். நீங்க முன்னால வந்து, கெடச்சதாவே நெனச்சு நன்றி சொல்லிடுங்க. ஒரு வார்த்த பேசறாரே, அதுவே ஆரம்பம்தான?"

"ஐயா, அந்த ஒரு வார்த்தய அவர் விழுந்த அன்னிக்கே சொன்னாரு."

"விசுவாசம்னா அப்படித்தாம்மா. பாக்கறதுக்கு முன்னாலயே நம்பணும்."

"நம்பாமலா ஆறு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்? நம்பறது வேற, நடந்துச்சுன்னு சொல்றது வேற. கோடு கறுக்காத பொட்டலத்துல 'சுத்தம்'னு முத்திரை குத்தி அனுப்பச் சொல்றீங்க. அங்க ஒருத்தன் வயித்தத் தொறந்து படுத்திருப்பான்யா."

"இப்படிப் பேசினா எப்படி நடக்கும்?" செயலாளர் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "அவிசுவாசம்தான் தடையே."

அக்கா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ஆப்பிள் பையும் கேக்கும் மேஜைமேல் இருந்தன.

அவர்கள் தண்ணீர் குடித்த தம்ளர்களைக் கழுவுவதற்காக நான் பின்தங்கினேன். அக்கா கேக்கைப் பிட்டுக் கணவருக்கு ஊட்டினார். "நான் பேசினது தப்பாங்க?" என்று கேட்டார்.

"சரி" என்றார் அவர்.

"பாத்தியாம்மா? எதக் கேட்டாலும் இதான். ஆண்டவர்கிட்ட கேட்டா இதுகூட இல்ல."

அடுத்த ஞாயிறு வெளியூர்ப் போதகர் வந்தார். ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்கிறவர்கள் முன்னால் வரலாம் என்றதும், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் பாய்லர் அக்கா எழுந்து போனார். ஒலிபெருக்கி உயரமாக இருந்தது. அதை இறக்கி வைக்க யாரும் எழுந்து வரவில்லை. அவரே திருகி இறக்கினார்.

"போன வாரம் நீங்க இங்க கேள்விப்பட்டது தப்பு. என் வீட்டுக்காரர் பேசல. நான் ஆறு வருஷமா கேக்கறேன், இன்னும் தரல. தருவாரா தெரியாது. நான் கேக்கறத விடப்போறதில்ல. இதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஆமென் என்று ஒரு குரல்கூட எழவில்லை. பாடகர் குழு அம்மா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அக்கா தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி அமர்ந்தார்.

அந்த மாதமே கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. தாளில் இடம் போதவில்லையாம். எந்த வேண்டுதலும் நான்கு வாரம்தான் இருக்கும். மேலும் வேண்டுமென்றால் மறுபடி எழுதித் தரவேண்டும். இந்த விதியால் பாதிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். போதகர் அக்காவைக் கண்டால் இப்போதும் கும்பிடுகிறார், நின்று பேசுவதில்லை. அவர்கள் வீட்டுக்கு ஜெபிக்கப் போகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். இருக்கிற ஒரு சொல்லையும் ஆண்டவர் எடுத்துவிடப் போகிறார் என்று ஒரு பெண் மாடிப்படியில் சொன்னதை அக்காவே கேட்டிருக்கிறார்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை, டூட்டி முடிந்து, சனிக்கிழமை மாலை அலுவலக அறைக்கு வருவார். கை விரல்கள் நீராவியில் வெளுத்துச் சுருங்கியிருக்கும். என் மேஜையில் நின்றபடியே ஒரு துண்டுத்தாளில் எழுதுவார். தேதி மட்டும்தான் புதிது.

"எழுத வேண்டாங்க்கா, நானே போட்டுடறேன். எனக்குத்தான் மனப்பாடமாச்சே" என்றேன் ஒருமுறை.

"வேணாம்மா. நீ போட்டா அது பழைய வரி. நான் எழுதினா இன்னிக்குக் கேட்டது."

"இப்படியே எத்தன வருஷம்க்கா? உங்களுக்குக் கோவமே வரலயா?"

"வராம? தெனமும் வருது. படுக்கையத் தட்டிப் போடும்போது வருது, அவருக்குச் சட்ட மாட்டும்போது வருது. இந்த எழவக் கேக்க வேற எடம் இருந்தா போயிருப்பேன்." பேனாவை என் பக்கம் தள்ளினார். "கோவிச்சுக்கிட்டா வீட்ட விட்டா போயிடுவோம்?"

துண்டுத்தாளைக் கொடுத்துவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார். நான் வேண்டுதல்கள் என்ற தலைப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை பார்த்தேன். பிறகு அந்த வரியை, ஒவ்வொரு எழுத்தாக, புதிதாகத் தட்டச்சு செய்தேன்.