கொன்னது அப்பன்தான்

பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கோவையில் ஒரு கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. வருகிறவர்களை வம்புக்கிழுக்காமல் எனக்குப் பொழுது போகாது.

ஒருநாள் தமிழ் மேடம் ஒரு துப்பறியும் கதையைக் கொண்டுவந்தார். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணைக் கொன்றது யார் என்பதுதான் கதை.

"கடைசிப் பக்கத்தை விட்டுப்போட்டு காப்பி போடு கண்ணு. பசங்களே கண்டுபிடிக்கட்டும். சாதியப் பத்தி நேராக் கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல."

கடைசிப் பக்கத்தைப் படித்தபின் நான் சும்மா இருப்பேனா? அடிக்கடி வரும் ஒரு மாணவியின் பிரதியில், "கொன்னது அப்பன்தான்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

"ஏனுங்ணா, இப்படிக் கெடுத்துப்போட்டீங்க!" என்று சிரித்தாள்.

மறுநாள் அவளுடைய அப்பா அந்தத் தாளோடு வந்தார்.

"ஏனுங்க தம்பி, இத எந்தப் பையன் எழுதுனான்னு கேட்டா, நீங்க வெளையாட்டுக்கு எழுதுனதா எம்புள்ள சொல்றா. மெய்தானுங்களா?"

குரல் உயரவே இல்லை. அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"செரிங்க, வாரனுங்க" என்று தாளை மடித்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பதாக அவளுடைய தோழி சொன்னாள். இரண்டு வாரம் கழித்துத் துணிந்து, பொள்ளாச்சிப் பக்கம் இருந்த அவள் வீட்டுக்கே போனேன்.

"நான்தானுங்க எழுதினேன். அவ பொய் சொல்லலீங்க."

"அதுக்கென்னுங்க தம்பி, நிச்சயம் பண்ணியாச்சு. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

அவள் சொன்னது உண்மை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட அன்று நான் சொல்லவில்லை.