அடங்கலில் இல்லாத பச்சையம்மாள்

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பச்சையம்மாளுக்கு மட்டும் மூன்று மனு எழுதியிருக்கிறேன்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் மண்ணாங்கட்டி பெங்களூரில் கட்டட வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய், வீட்டோடு கிடக்கிறார். சொந்த நிலம் இல்லை. குமரேசன் என்பவரின் மூன்று ஏக்கரை ஒன்பது வருஷமாகக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போட்டுவந்தாள். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

குமரேசன் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ரமணாசிரமம் பக்கம் வீட்டு மாடியில் அறைகள் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். வருஷம் பிறந்தால் குத்தகைப் பணத்தை இவளே பஸ் ஏறிப் போய் அவர் கையில் கொடுத்துவிட்டு வருவாள். ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது.

மல்லாட்டைக்கு விதை, உழவு, களை என்று செலவெல்லாம் முன்னாடியே வந்து நிற்கும். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் தருகிறார்கள். தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. ஆனால் அடங்கல் வேண்டும். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்று அது. நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்தால்தான் குத்தகைக்காரர் பேரில் கிடைக்கும் என்றார்கள்.

குமரேசனிடம் போய்க் கேட்டாள்.

"நமக்குள்ள எதுக்கு பச்சையம்மா பேப்பரு? எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நான் கோர்ட்டுக்கு அலையறதா?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

அதனால் வருஷா வருஷம் மண்டியில் முன்பணம் வாங்கினாள். வாங்கினால் காயை அங்கேதான் போட வேண்டும். மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. வெளியில் விலை ஏறினாலும் வாய் திறக்க முடியாது. "அந்த ஆளு கொள்ளையடிக்கிறான்தான். ஆனா என்னை வெவசாயின்னு நம்பிக் கடன் குடுத்தது அவன் ஒருத்தன்தாண்ணா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், செடி பிடுங்குகிற நேரத்தில் எட்டு நாள் விடாத மழை. காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. மூன்று ஏக்கரிலும் சேர்த்து நாலு மூட்டைகூடத் தேறவில்லை. சில மாதம் கழித்து ஊரில் பலருக்கும் பயிர்க் காப்பீட்டுப் பணம் வந்தது. இவளும் சங்கத்துக்குப் போய் விசாரித்தாள். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இந்த சர்வே நம்பருக்குப் பணம் போயிடுச்சும்மா. குமரேசன் அக்கவுண்ட்ல. ஆறு வருஷமா மல்லாட்டைக்குக் கடனும் அவர் பேர்லதான் இருக்குது."

பூ விடும் சமயத்தில் குமரேசன் காரில் வந்து வயலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "நீ கொஞ்சம் தள்ளி நில்லு" என்பாராம். இவளும் வரப்புக்குத் தள்ளிப்போய் நிற்பாளாம்.

நேராக அவர் வீட்டுக்குப் போனாள்.

"சார், அது என் பயிரு அழுகிப்போனதுக்கு வந்த பணம்."

"பிரீமியம் கட்டுனது யாரு?"

"விதைக்கு நான் மண்டியில கையேந்தும்போது கடன் பணம் உங்ககிட்ட இருந்திச்சே சார். அதையாவது எங்கிட்டக் குடுத்திருக்கலாமே?"

"அதுல ரெண்டு ரூமுக்கு ஏசி போட்டேன். தவணை தவறாம கட்டிட்டேன். இதுல உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் அழுதாள். அவர், "சரி, கஷ்டப்படறே. பொண்ணு போன் நம்பரைச் சொல்லு" என்று கேட்டு, மகள் இனியாவின் நம்பருக்கு இரண்டாயிரம் ரூபாய் அனுப்பினார்.

"வேணாம்னு வந்திருக்கணும்ணா" என்றாள் என்னிடம். "வூட்ல அவருக்கு மாத்திரை தீந்துபோயிருந்திச்சு."

முதல் மனுவை அன்றைக்குத்தான் எழுதினேன். மனு போய், விசாரணை வந்தது. ஒன்பது வருஷமாகப் பயிர் வைத்ததற்கு இவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பக்கத்து வயல்காரர்கள் குமரேசனைப் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. குமரேசன் மட்டும் போனைத் திறந்து காட்டினார். இரண்டாயிரம் ரூபாய் போன தேதி இருந்தது. அதன் கீழே அவரே 'களைக்கூலி' என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"எங்கிட்ட கூலி வேலை செய்யற பொம்பள சார்" என்றாராம்.

'மனுதாரர் சாகுபடி செய்ததற்கு ஆதாரம் இல்லை' என்று பதில் வந்தது. அடுத்த இரண்டு மனுவுக்கும் அதே வாசகம்தான். இரண்டாவது மனுவோடு நிலமும் போயிற்று. இப்போது அதே மண்டியில் காய் உடைக்கப் போகிறாள். கூலியில் பாதியைப் பழைய முன்பணத்துக்குப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்த மூன்று ஏக்கரை அதே ஊர்க் கருப்பனும் அவன் பெண்சாதி அருணாதேவியும் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், பச்சையம்மாள் அவர்கள் வீட்டுக்கே போனாள்.

"எதுனா எழுதி வாங்கிக்கம்மா" என்றாள்.

"சார்கிட்டயா? அவரு ரொம்ப நல்ல மாதிரி அக்கா. நீங்க மனு போட்ட கோவத்துலதான்…" என்று இழுத்தாள் அருணாதேவி. குத்தகைப் பணத்தை முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டிருந்தார்கள்.